பெரிய வெள்ளியன்று கடலில் யாரும் இறங்குவதில்லை

சிகாகோ
11 ஜனவரி 1981

அன்புள்ள எனெய்டா அக்கா,

உன் ஆசியைக் கேட்டு உன் தம்பி மீரோ எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? பள்ளிச் சமையற்கட்டில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறாயா? இங்கே மூன்று பேரும் சுகம், மூன்று மூக்குகளும் ஒழுகுவதைத் தவிர.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிறோம்! ஆலையில் இரண்டு வாரம் விடுப்புக் கிடைத்துவிட்டது. புனித வாரம் செவ்வாய்க்கிழமை விமானம் இறங்கும். பதினொரு வருடமாயிற்று அக்கா. லிசிக்கு எட்டு வயது முடியப்போகிறது, இன்னும் உப்புத் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. இங்கிருக்கும் ஏரியைக் காட்டி இதுதான் கடல் என்று இத்தனை நாள் ஏமாற்றி வைத்திருந்தேன். போன வாரம் பள்ளியில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் வீட்டில் மெத்தை விரிக்காதே. நேராக லா ஊவேராக் கடற்கரைக்குப் போய்விடுவோம். அம்மா இருந்தபோது எப்படி இருந்தோமோ அப்படியே, அதே கடல்திராட்சை மரத்தடியில், அதே ஓட்டைக் கூடாரத்தில், உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் மணலில் கிடக்க வேண்டும். நான் இந்தக் குளிரில் உயிரோடு இருப்பதே அந்த இடத்தை நினைத்துத்தான். அதை என் மகளுக்குக் காட்டாமல் செத்துப்போனால் என் ஆவி அடங்காது.

என் பெண்டாட்டி அவில்டாதான் பயப்படுகிறாள். நம் தீவின் மலைப்பக்கம் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்துவிட்டவள், கடற்கரையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? "தரையில படுத்தா பூச்சி பொட்டு கடிக்காதா?" என்று கேட்டாள். "அங்க பூச்சியெல்லாம் கிடையாது, எங்க மோன்சே மாமா குறட்டைதான் உண்டு"ன்னு சொன்னேன். மாமா இன்னும் அப்படித்தானே குறட்டை விடுகிறார்?

மறுமொழி உடனே போடு. லிசி உனக்கு ஒரு மீன் வரைந்திருக்கிறாள். மீனுக்குக் கால் இருப்பதைக் கண்டுகொள்ளாதே.

உன் ஆசியில் வாழும்,
மீரோ


குவானிக்கா
3 பிப்ரவரி 1981

என் தம்பி மீரோவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கைவிடாமல் காக்கட்டும். உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். முழங்காலைப் பற்றிக் கேட்டாயே, அந்த வலி அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமாவிடம் சொன்னேன். எழுபது வயதுக் கிழம், இப்போதே இரும்புக் கட்டிலைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றே கட்டிலைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுப் படுத்துவிடப் போகிறாராம். போன வருடம் தோரோ வீட்டார் நமக்கு முன்னால் தார்ப்பாயை விரித்துவிட்டார்கள் என்று அவருக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வீட்டுக் கிழவி டோன்யா ப்ரோவியைச் சந்தையில் பார்த்து, "இந்த வருஷம் எங்க பையன் சிகாகோலேர்ந்து வர்றான், மரத்தைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி"ன்னு மிரட்டிவிட்டு வந்தார். அவள் சும்மா விடுவாளா? "மரத்த உங்க பேருக்கு எழுதி வெச்சா அந்தோணியார் போனார்? போய்யா, போய் உன் பல்ல மாட்டிக்கிட்டு வா"ன்னு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அம்மா போட்ட முறையெல்லாம் அப்படியே நடக்கிறது. நீல நாற்காலி ஒன்று தண்ணீரைப் பார்த்து எப்போதும் இருக்கும். பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு மணி நேரம், கழுத்தில் விசிலோடு அதில் உட்கார்ந்து கடலில் இருக்கும் தலைகளை எண்ண வேண்டும். உனக்கும் முறை உண்டு, சிகாகோ துரை என்று விட்டுவிட மாட்டோம். பெரிய வெள்ளி ஒரு நாள்தான் நாற்காலியை மடக்கி மரத்தில் சாத்திவிடுவோம். அன்றைக்கு யார்தான் கடலில் இறங்கப் போகிறார்கள்? எனக்கு அந்த ஒரு நாள்தான் நிம்மதி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கருவாடும் கிழங்கும் சாப்பிடுவோம்.

பெரிய வெள்ளியில் குளித்து மீனாகிப் போன பெண்ணின் கதையை லிசியிடம் சொன்னாயா? இல்லையென்றால் நான் சொல்லிக்கொள்கிறேன். அம்மா சொன்ன மாதிரியே, இடுப்புக்குக் கீழே செதில் முளைக்கும் இடத்தில் குரலை இறக்கிச் சொல்வேன். எனக்கென்று பிள்ளை இல்லாமல் போனது, கதை சொல்ல ஆள் கிடைக்காதா என்று காத்திருக்கிறேன்.

கால் முளைத்த மீனைச் சமையற்கட்டில் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
எனெய்டா


சிகாகோ
26 பிப்ரவரி 1981

அன்புள்ள அக்கா,

ஆசி வேண்டும். உன் உடம்பு எப்படி? இங்கே சளி போய்விட்டது, இருமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக் கதையை லிசியிடம் சொல்லாதே. போன வருடம் எதிர்வீட்டு மெக்சிகோக்காரம்மா, ஆற்றங்கரையில் அழுதுகொண்டு பிள்ளை தேடும் பேயைப் பற்றிச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் பிள்ளை படுக்கையை நனைத்தாள், குளியல்தொட்டியில் கால் வைக்க மாட்டேன் என்று அலறினாள். வைத்தியரிடம் காட்டி, நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போய், இப்போதுதான் தண்ணீரைக் கண்டால் சிரிக்கிறாள். மீன், செதில் என்று ஆரம்பித்தால் அத்தனையும் வீணாகிவிடும்.

மற்றவர்களுக்கும் சொல்லிவை, முக்கியமாக மாமாவுக்கும் தோரோ வீட்டுப் பிள்ளைகளுக்கும். வெள்ளிக்கிழமை, கடல் என்ற பேச்சே அவள் காதில் விழ வேண்டாம். அவில்டாவிடமும் எடுக்காதே. அவள் நம் கோயிலுக்கு வராத சபைக்காரி, இதெல்லாம் மூடத்தனம் என்று சண்டைக்கு வருவாள். வேளை வரும்போது லிசிக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கதை சொல்ல உனக்கு எத்தனை ஆசை என்று தெரியும். வேறு ஆயிரம் கதை இருக்கிறதே அக்கா. நான் கூடாரத்தைப் பிடுங்கி மாமா தலையில் தள்ளிய கதையைச் சொல்லேன்.

உன் தம்பி,
மீரோ


குவானிக்கா
20 மார்ச் 1981

என் தம்பிக்கு,

ஆண்டவர் துணை. இங்கே எல்லாரும் சுகம்.

எனக்கென்ன கோபம்? உன் பிள்ளை, உன் பேச்சு. என் வாயைத் தைத்துக்கொண்டாயிற்று. மாமாவைச் சிலுவை மேல் சத்தியம் செய்ய வைத்தேன். தோரோ வீட்டுக்கு நானே நடந்துபோய் டோன்யா ப்ரோவியிடம் சொல்லி, அவளுடைய ஆறு பேரப்பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, "லிசி கிட்ட யாராவது மீன் கதைய எடுத்தீங்க, சனிக்கிழமை வறுவல் கிடையாது"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். கடைசிக் குட்டிகூடத் தலையை ஆட்டினான். லா ஊவேராவில் ஒரு குஞ்சு வாய் திறக்காது. போதுமா?

அவில்டாவுக்கு ரப்பர் செருப்பு எந்த அளவு? மணல் சுடும். மாமா கட்டிலில் பதினாறு நாளாகக் கிடக்கிறார், கொசு தின்றது போக மீதிதான் உனக்குக் கிடைப்பார்.

வழிமேல் கண் வைத்திருக்கும்,
எனெய்டா


குவானிக்கா
30 மே 1981

என் தம்பி மீரோவுக்கு,

உனக்கும் அவில்டாவுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? இதைக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஏற்றும்போது நான் தூணோரம் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. அடக்கத்துக்கு வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. கால் வரவில்லை.

அன்று காலை நடந்ததை நீ என்னிடம் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். தகப்பனுக்குத் தெரிய வேண்டும்.

நீயும் மாமாவும் மற்ற ஆண்களும் ஆண்டவர் சுரூபத்தைத் தூக்கும் ஊர்வலத்துக்கு ஊருக்குள் போனீர்கள். அப்பா தோள் கொடுத்த இடத்தில் இந்த வருடம் நீ தோள் கொடுக்க வேண்டும் என்று மாமாவுக்குப் பிடிவாதம். அவில்டா முந்தின நாள் வெயிலில் தலைவலி வந்து கூடாரத்துக்குள் படுத்திருந்தாள். கரையில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர் தோரோவும்தான். நாற்காலியை நான்தான் மடக்கினேன். வியாழன் மாலையே மடக்கி மரத்தில் சாத்தினேன்.

காற்று கடலிலிருந்து அடித்தது. அடுப்பில் தீ நிற்கவில்லை. அதனால் அடுப்பைத் தார்ப்பாய்க்குப் பின்னால் மாற்றிக்கொண்டோம். எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழைக்காய் உரித்தோம், கருவாடு ஆய்ந்தோம். டோன்யா ப்ரோவி ஏதோ சொன்னாள், சிரித்தோம். பெரிய வெள்ளியில் அத்தனை சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று நானே சொன்னது நினைவிருக்கிறது.

லிசி என்னிடம் வந்தாள். மஞ்சள் நீச்சலுடை போட்டிருந்தாள், மேலே உன் சட்டை. "அத்தை, இன்னிக்கு ஏன் யாரும் கடல்ல இறங்கல?" என்று கேட்டாள். நான், "போய் சங்கு பொறுக்கு கண்ணு, சோறு ஆகட்டும்" என்றேன். "தண்ணி கெட்டுப்போச்சா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. டோன்யா ப்ரோவி என்னைப் பார்த்தாள், நான் வாழைக்காயைப் பார்த்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். தோரோ பிள்ளைகள் அவளோடு போகவில்லை, அவர்கள் மரத்தடியில்தான் விளையாடினார்கள். அவர்களுக்குத் தெரியும்.

தட்டு வைக்கும்போதுதான் ஒரு தட்டு மீந்தது. சட்டை ஈர மணலில் மடித்து வைத்திருந்தது. கிழவர் தோரோதான் தண்ணீரில் மஞ்சள் தெரிகிறது என்று கத்தினார். ரொம்ப தூரமில்லை மீரோ. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: ஓடிப்போன நாங்கள் அத்தனை பேரும் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டோம். அன்றைக்குக் கால் படக் கூடாது என்று பழகிய கால்கள். முதலில் கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு செருப்போடு இறங்கினார். பிறகுதான் நான்.

அவள் உடம்பு சூடாகத்தான் இருந்தது. என் மடியில்தான் இருந்தாள், நீ வரும்வரை.

என்ன வேண்டுமானாலும் எழுது. எழுது, அவ்வளவுதான்.

எனெய்டா


சிகாகோ
28 ஜூன் 1981

எனெய்டா அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம்.

அவள் கேட்டிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, அந்தக் கரையில் எதுவோ வித்தியாசமாக இருக்கிறதென்று கண்டுபிடித்து, உன்னிடம் வந்து, ஏன் என்று கேட்டிருக்கிறாள். நீ சங்கு பொறுக்கு என்று அனுப்பியிருக்கிறாய்.

ஒரு வார்த்தை அக்கா. "இன்னிக்கு இறங்கக் கூடாது." மூன்றே வார்த்தை. அங்கே இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்தது என் மகளுக்கு மட்டும் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் அந்தக் கடலுக்கு அந்நியம். நாற்காலியை மடக்கினாயே, அதற்கு முன்னால் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாமா? தினமும் விசிலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அவில்டா, அன்றைக்கும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் கண்ணை மூடியிருக்கிறாள். நினைவு வந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறாள்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு அதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம். பிள்ளை கேட்டும் ஏன் சொல்லவில்லை?

மீரோ


குவானிக்கா
25 ஜூலை 1981

தம்பிக்கு,

சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான். வேலை மும்முரத்தில் சோம்பலாக இருந்துவிட்டேன்.

ஆசி கேட்காமல் எழுதியிருந்தாய். கேட்காவிட்டாலும் உண்டு.

எனெய்டா


சிகாகோ
6 செப்டம்பர் 1981

எனெய்டா அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை உங்களுக்கு நான் எழுதியதில்லை, எழுதுவது அவருக்குத் தெரியாது.

லிசியைக் கிடத்தியிருந்த அன்று டோன்யா ப்ரோவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க வாயையும் கட்டிப் போட்டுட்டாங்களே மகளே"ன்னு சொன்னாள். அப்போது எனக்கு எதுவும் ஏறவில்லை. நாலு மாதம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் காதில் விழுகிறது. யார் கட்டினார்கள்? எதற்காக?

அவரிடம் கேட்டேன். "அழுகையில எதையோ ஒளறியிருப்பா"ன்னு சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. சோம்பல் என்று நீங்கள் எழுதியதைக் காட்டினார். அண்ணி, உங்களோடு நாலே நாள்தான் இருந்தேன், ஆனால் நீங்கள் சோம்பேறி இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு முன்னால் என் செருப்பைக் கழுவி வைத்தவர்.

உண்மையை எழுதுங்கள். லிசியிடம் சொல்ல வேண்டாமென்று அவர் சொன்னாரா? அவர்தான் என்றால், இந்த வீட்டில் அவரோடு ஒரு பொழுது இருக்க மாட்டேன், என் அம்மாவிடம் போய்விடுவேன். நீங்களாகச் செய்தீர்கள் என்றால், அதையும் தாங்கிக்கொள்வேன். நான் நியாயம் கேட்கவில்லை. யாரை வெறுக்க வேண்டும் என்று தெரியாமல் எல்லாரையும் வெறுத்துக்கொண்டிருக்கிறேன், என்னையும் சேர்த்து. என்னால் இனி முடியவில்லை.

அவில்டா


குவானிக்கா
22 செப்டம்பர் 1981

அவில்டாவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மீரோவுக்கு எதுவும் தெரியாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன். அந்தக் கதையை நானே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், எனக்கு முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஆசைப்பட்டேன். சமையல் முடியட்டும், சாவகாசமாக மடியில் வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளை இல்லாதவளின் பேராசை என்று வைத்துக்கொள். டோன்யா ப்ரோவி சொன்னது என்னைத்தான்.

அவனை விட்டுப் போகாதே. அவன் மேல் குற்றமில்லை. என்னை வெறுத்துக்கொள். நான் இங்கே தூரத்தில்தானே இருக்கிறேன்.

எனெய்டா


சிகாகோ
15 நவம்பர் 1981

அக்கா,

ஆலையில் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது.

நீ அவில்டாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்து, "உங்கள சந்தேகப்பட்டுட்டேன், என்னை மன்னிச்சிடுங்க"ன்னு அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். வேறென்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஒன்றும் செய்யவில்லை. "பரவால்ல, விடு" என்றேன்.

எனக்கு மறக்கவில்லை அக்கா. பிப்ரவரியில் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதினேன். வியாழன் சாயங்காலம் சொல்லப் போனேன். அவள் நண்டு வளையில் குச்சி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எதற்குக் கெடுக்க வேண்டும், காலையில் சொல்லலாம் என்று விட்டேன். காலையில் மாமா அவசரப்படுத்தினார். எழுப்பக்கூட இல்லை. அப்பா தோள் கொடுத்த இடத்தில் தோள் கொடுத்துக்கொண்டு, பெருமையாக, அரை மைல் நடந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்தும் திரும்பவில்லை. அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூனில் உன்னைக் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று. நீ என் முகத்தில் அறைவாய் என்றுதான் கேட்டேன். "நீதானடா பாவி சொல்லாதேன்னு எழுதின"ன்னு ஒரு வரி வரும் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோம்பல் என்று எழுதினாய். இப்போது பேராசை என்று எழுதியிருக்கிறாய்.

தினமும் சாயங்காலம் அவில்டா எனக்கு முதுகு தேய்த்துவிடுகிறாள். தேய்த்துக்கொண்டே உன்னைச் சபிக்கிறாள். உன் கை அழுக வேண்டும், உன் நாக்கு அழுக வேண்டும் என்கிறாள். நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கை என் மேல் படுவதை என்னால் தாங்க முடியவில்லை, அது எடுபட்டுவிட்டால் என்ன ஆவேன் என்றும் தெரியவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. நீ எழுது. அவள் பெயருக்கே, வீட்டு முகவரிக்கே எழுது. உள்ளதை உள்ளபடி. கடிதம் வரும் அன்று நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வாசிக்கட்டும். பிறகு நடப்பது நடக்கட்டும். உன்னை மாதிரி எனக்கு யாருமில்லை, அதனால்தான் கேட்கிறேன். கடைசியாக இதை ஒன்று செய்.

ஆசி கேட்க எனக்கு அருகதை இல்லை.

மீரோ


குவானிக்கா
9 ஜனவரி 1982

அன்புள்ள அவில்டாவுக்கு,

ஆண்டவர் உன் மனதுக்கு ஆறுதல் தரட்டும். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன்.

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். செப்டம்பரில் உனக்கு எழுதியது பொய். வெள்ளிக்கிழமைப் பேச்சை லிசியிடம் எடுக்க வேண்டாம், உன்னிடமும் எடுக்க வேண்டாம் என்று மீரோதான் எனக்கு எழுதினான். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்றுதான் எழுதினான், வேறெந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தானே சொல்லிக்கொள்வதாகவும் எழுதினான். சொல்ல மறந்துவிட்டான். நான் அவன் சொல்லியிருப்பான் என்று இருந்தேன். பிள்ளை வந்து கேட்டபோதே, அவன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

இதை எழுதச் சொன்னது அவனே. இந்நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், திரும்பிப் பார்.

மறைத்தது பெரிய மனதால் இல்லை. அவனை நான் வளர்த்தேன், அவ்வளவுதான். நீ அவனை விட்டுப் போய்விடுவாய் என்று எழுதியதும் பயந்துவிட்டேன். உன் சாபத்தைத் தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை அவில்டா. இங்கே ஊரில் எல்லாருக்கும் உண்மை தெரியும், யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் என் தம்பியின் வீட்டில், என் லிசியின் படத்துக்கு முன்னால், என் பெயர் அப்படிச் சொல்லப்படுகிறது என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் தட்டை நீட்டும்போது வேறு ஆளை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

கோபத்தை முழுக்க அவன் மேல் போடாதே. எனக்கும் பங்கு உண்டு, எடுத்துக்கொள்கிறேன். என் பங்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும். அதற்கு மேல் தூக்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு வரி எழுது. வசவாக இருந்தாலும் சரி.

உன் அண்ணி,
எனெய்டா


சிகாகோ
2 பிப்ரவரி 1982

எனெய்டா அவர்களுக்கு,

நீங்கள் எனக்கு அனுப்பிய உறையைப் பிரிக்காமலே இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். மனதைக் கலக்கும் எதையும் படிக்க வேண்டாமென்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். உறை ஒரு வாரமாக மேசை மேலேயே கிடந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அந்த மஞ்சள் உடை கண்ணில் வந்தது. இன்று காலை பிரித்துவிடலாமா என்று கையில் எடுத்தேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என்னதான் எழுதியிருப்பாங்க? நீங்க சொல்லுங்க, படிக்கட்டுமா?" என்று கேட்டேன். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு, "வேணாம் அவில்டா, திருப்பி அனுப்பிடு"ன்னு சொன்னார்.

வரப்போகிற பிள்ளைக்கு உங்களைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. சிகாகோவில் பிறந்து சிகாகோவிலேயே வளரட்டும். அவரும் சரி என்றுதான் தலையாட்டினார். அவர் இப்போது பரவாயில்லை, சாப்பிடுகிறார், என்னை எந்த வேலையும் செய்ய விடுவதில்லை.

வெளியே பனி கொட்டுகிறது. தபால்பெட்டிவரை நான் நடக்க வேண்டாம், தானே போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறார். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

அவில்டா